வறுத்த மீனுக்கு இனிப்பும் புளிப்புமான சாஸ்: புளி வெல்லமா, மாங்காயா, ஆரஞ்சா, பாட்டிலா?

மீனை மொறுமொறுவென்று வறுக்கத் தெரிந்தவர்கள்கூட, அதன்மேல் ஊற்றும் இனிப்பும் புளிப்புமான சாஸ் என்று வந்ததும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். புளியும் வெல்லமும் போட்டுச் செய்யலாமா? சீசனில் மாங்காய் கிடக்கிறதே, அதைப் போட்டால் என்ன? ஏற்காட்டிலிருந்து ஆரஞ்சு வந்திருக்கிறது, அது சரிப்படுமா? இல்லை, பேசாமல் தக்காளி சாஸ் பாட்டிலைத் திறந்துவிடலாமா?

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நமக்குக் கடல் கிடையாது. கடல் மீன் ஐஸில் வருகிறது, அணை மீன் மேட்டூரிலிருந்து வருகிறது. ஆனால் சாஸுக்கு வேண்டிய சரக்கெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெல்லம், தர்மபுரி பக்கத்துப் புளி, வரகம்பாடி, குப்பனூர் தோப்புகளின் மாங்காய், சேர்வராயன் மலையின் ஆரஞ்சும் மிளகும். இத்தனை இருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது!

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாஸை முடிவு செய்துவிட்டு மீன் வாங்கக் கிளம்பாதீர்கள். மார்க்கெட்டில் அன்றைக்கு எந்த மீன் நன்றாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். கையில் இருக்கும் மீனைப் பார்த்தால் சாஸ் எது என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது வாடை. மீன் வாடை என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது இரண்டு வகை. கடல் மீன் பழையதாக ஆக எழும் அந்த நெடிக்குக் காரணம் ட்ரைமெதிலமைன் என்ற பொருள். அணை மீனிலும் குளத்து மீனிலும் வரும் மண் வாடை வேறு சமாச்சாரம். அது ஜியோஸ்மின். தண்ணீரில் உள்ள நீலப்பசும்பாசி போன்ற நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுகிறதே, அந்த வாசனையும் இதே பொருள்தான். மண்ணில் இருக்கும்வரை நமக்குப் பிடிக்கிறது, மீனில் வந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறோம். இரண்டு வாடைக்கும் மருந்து ஒன்றே: புளிப்பு. அமிலம் பட்டால் ட்ரைமெதிலமைன் காற்றில் எழும்பாமல் அடங்கிவிடும், ஜியோஸ்மின் சிதைந்துபோகும். ஆகவே வாடை அதிகமுள்ள மீனுக்குப் புளிப்பு அதிகமுள்ள சாஸ் வேண்டும்.

இரண்டாவது மொறுமொறுப்பு. சாஸில் தண்ணீர் எவ்வளவு அதிகமோ, வறுவலின் மேல்தோல் அவ்வளவு சீக்கிரம் ஊறிப்போகும். நன்றாகச் சுண்டிய கெட்டிப் பாகு மேலே பூச்சாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் சாஸ் உள்ளே இறங்கிவிடும்.

மூன்றாவது முள். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. வெறும் வறுவலில் முள்ளை விரலால் தடவி எடுத்துவிடலாம். பிசுபிசுப்பான சாஸ் பூசிய துண்டில் முள் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் சிக்காது. ரோகு, கட்லா, மிர்கால் மூன்றிலும் சதைக்குள் கவட்டை போன்ற சிறுமுட்கள் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாஸின் ருசியைவிட இதுதான் முக்கியம்.

மீதி இரண்டும் மாதமும் மறைமுகச் செலவும். அவற்றை அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

## மீன் நிலவரம்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கேரளத்தில் விசைப்படகுத் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை போகும். ஆக, ஜூன் இரண்டாம் வாரத்தில் சில நாட்கள் இரண்டு கரையின் பெரிய படகுகளும் ஓய்வில் இருக்கும். அந்தச் சமயத்தில் சேலத்தில் வஞ்சிரம் கேட்டால் விலையைக் கேட்டே திரும்பிவிடுவோம். இல்லாவிட்டால் ஐஸில் நாள்கணக்காகக் கிடந்த மீனை வாங்கிக்கொண்டு வருவோம்.

அதே மாதங்கள்தான் மாங்காய்க்கும் உச்சம். மேட்டூர் அணை மீனுக்கு இந்தத் தடை கிடையாது. கோடையில் அணை மீனும் மாங்காயும் ஒன்றாகக் கைக்கு வருவது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கடலோர ஊர்க்காரர்கள் அப்போது கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மண் வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. அது தோலிலும், தோலை ஒட்டிய கருஞ்சிவப்புச் சதையிலும், கொழுப்பிலும்தான் சேர்ந்திருக்கும். மீன் வெட்டுபவரிடம் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். பெரிய கட்லா என்றால் தோலையும் உரித்துவிடச் சொல்லலாம். வீட்டில் உப்பு, மஞ்சள், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து அலசினால் பாதி வேலை முடிந்தது. அலசியபின் துணியால் ஒற்றி ஈரத்தை எடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈரத் துண்டு கல்லில் ஒட்டும், எண்ணெய் தெறிக்கும், நிறமும் ஏறாது.

சிறுமுள் மீனுக்கு ஒரு வழி இருக்கிறது. துண்டின் இரு பக்கமும் கூர்மையான கத்தியால் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறிவிடுங்கள். முட்கள் சின்னச் சின்னதாக நறுங்கி, எண்ணெயில் மொறுமொறுப்பாகிவிடும். கீறலுக்குள் சாஸும் நன்றாக இறங்கும். நடுமுள்ளுக்கு இது உதவாது. அதைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

## புளியும் வெல்லமும்

அரைக் கிலோ மீனுக்குக் கணக்கு இது: புளி 25 கிராம், பெரிய நெல்லிக்காய் அளவைவிடச் சற்றுக் கூடுதல். வெல்லம் 45 கிராம். அரை கப் சுடுதண்ணீரில் புளியை ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் நசுக்கிய இஞ்சி, நாலைந்து சின்ன வெங்காயம், இரண்டு வரமிளகாய் வதக்கி, புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். அப்புறம் வெல்லம், உப்பு. கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள்.

புளியின் புளிப்பு பெரும்பாலும் டார்டாரிக் அமிலம். கொதிக்க வைத்தாலும் ஆவியாகிப் போகாது. எவ்வளவு சுண்டுகிறதோ அவ்வளவு புளிப்பு ஏறும். வாடையை அடக்குவதில் நான்கில் இதுவே முதலிடம். மேட்டூர் ரோகு, கட்லா, ஜிலேபி என்றால் நான் வேறு எதையும் யோசிப்பதில்லை. கடல் மீனில் மத்தி, அயிலை போன்ற நெடி மிகுந்தவற்றுக்கும் இதுவே ஈடுகொடுக்கும். மாறாக, வாவலுக்கும் கொடுவாவுக்கும் இதை ஊற்றுவது வீண். அந்த மீன்களின் மெல்லிய ருசி இந்தப் பாகுக்கு அடியில் காணாமல் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் என்ன மீன் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதன் பலமே கெட்டித்தன்மைதான். வெல்லப்பாகு பூச்சாக நிற்பதால் அரைமணி நேரம் கழித்து வருகிறவருக்கும் மொறுமொறுப்பு மிச்சமிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆள் ஆளுக்கு ஒரு நேரத்தில் சாப்பிட வரும் வீடுகளுக்கு இது பெரிய வசதி.

மறைமுகச் செலவுக்கு வருவோம். ஒன்று, வெல்லத்தில் மண்ணும் கரும்புச் சக்கையும் இருக்கும். கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், நேரே தட்டிப் போட்டால் பல்லில் கடிபடும். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனத்தைச் சேர்ப்பதுண்டு. கறுத்த வெல்லமே இந்தச் சாஸுக்கு நல்லது, நிறமும் அதிலேதான் வரும். இரண்டு, புளி. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி வெளுப்பாகவும் சுருக்கென்றும் இருக்கும், பழைய புளி கறுத்து இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு வெல்லம் போட்டால் ருசி ஒரே மாதிரி வராது. முக்கால் பங்கு வெல்லத்தைப் போட்டு ருசி பார்த்தபின் மீதியைச் சேருங்கள். மூன்று, பாத்திரம். மீன் வறுத்த இரும்புக் கல்லிலேயே சாஸையும் செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். புளிப்பு பட்டால் பழக்கிய கல்லின் எண்ணெய்ப் படலம் உரிந்துவிடும், சாஸிலும் இரும்பு ருசி ஏறும். அலுமினியச் சட்டியும் புளிக்கு ஆகாது. எவர்சில்வர் அல்லது மண்சட்டி. கழுவ இன்னொரு பாத்திரம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## மாங்காய்

மாம்பழச் சாஸ் என்றதும் மல்கோவாவை எடுக்கப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். மல்கோவாவும் இமாம்பசந்தும் அப்படியே அறுத்துச் சாப்பிடுவதற்கு. அடுப்பில் ஏற்றினால் அவற்றின் மணம் போய்விடும். புளிப்பும் குறைவு என்பதால் மீனுக்கு மேலே ஜாம் ஊற்றியதுபோல இருக்கும். விலையை நினைத்தால் வயிறு எரியும்.

இதற்கு ஏற்றது கிளிமூக்கு. சேலம் பெங்களூரா என்றும் சொல்வார்கள். சதை கெட்டி, நார் குறைவு, பழுத்தாலும் ஒரு புளிப்பு மிச்சமிருக்கும். அதிலும் செங்காய்ப் பருவம்: அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், அறுத்தால் கொட்டைப் பக்கம் மஞ்சளும் தோல் பக்கம் வெளுப்புமாக இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் இனிப்பும் புளிப்பும் ஒரே காயில் இருப்பதால் வெல்லம் ஒரு டீஸ்பூன் போதும். சில காய்க்கு அதுவும் வேண்டாம்.

கால் கிலோ சதையில் முக்கால் பங்கை மிக்ஸியில் அரைத்து, கால் பங்கைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, விழுதைச் சேர்த்து ஐந்து நிமிடம். நறுக்கியதைக் கடைசியில் போட்டு உடனே இறக்கிவிடுங்கள். கடிக்கும்போது அந்தத் துண்டு ஒன்று புளிப்பாக வாயில் வெடிப்பதுதான் இந்தச் சாஸின் சிறப்பு. பாட்டில் சாஸில் இது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

எந்த மீனுக்கு? விராலுக்கு முதல் இடம். முள் குறைவு, சதை கெட்டி, மாங்காயோடு அடித்துக்கொள்ளாது. ஜிலேபியும் நல்ல ஜோடி. அதில் சிறுமுள் தொல்லை இல்லை, விலையும் கட்டுப்படி, முழு மீனாக வறுத்துத் தட்டில் வைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். மண் வாடை அதிகமுள்ள கட்லாவுக்கு மட்டும் மாங்காயின் புளிப்பு போதாது. ஒரு டீஸ்பூன் புளிக்கரைசல் சேர்த்துக்கொண்டால் ஒப்பேறிவிடும்.

தொல்லைகளும் உண்டு. மாங்காய் விழுது கொதிக்கும்போது குபுக்கென்று தெறிக்கும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்துக் கிளற வேண்டும். அடிப்பிடிப்பதும் சட்டென்று நடக்கும். கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த காய் வந்துவிட்டால் தோல் பழுத்திருக்கும், உள்ளே மணமும் இராது இனிப்பும் இராது. சாஸ் சப்பென்று போகும். அது தடைசெய்யப்பட்டது என்றாலும் சந்தையில் மாட்டத்தான் செய்கிறது, அதனால் மோந்து பார்த்து வாங்குங்கள். ஜூலை தாண்டிவிட்டால் டின்னில் வரும் மாங்கூழ்தான் கதி. நம் பக்கத்துக் கிருஷ்ணகிரியில் கூழ்த் தொழிற்சாலைகள் நிறையவே இருக்கின்றன. சர்க்கரை சேர்த்த டின்னை வாங்கினால் எலுமிச்சை ஒன்று பிழிந்து ஈடுகட்ட வேண்டும். என்னைக் கேட்டால் சீசன் முடிந்ததும் மாங்காயை மறந்துவிட்டுப் புளிக்குத் திரும்பிவிடுவதே மேல்.

## மலை ஆரஞ்சு

நான்கிலும் கேட்க மிக அழகாக இருப்பது இதுதான். சொதப்புவதற்கும் இதில்தான் வாய்ப்பு அதிகம்.

தோல் தளர்ந்து, கையாலேயே உரிக்க வரும் கமலா ஆரஞ்சு வகை மலையில் குளிர்காலத்தில் கிடைக்கும். ஏற்காட்டு ரோட்டோரக் கூடையில் இருப்பதெல்லாம் ஏற்காட்டில் காய்த்தது என்று நம்பிவிட வேண்டாம். சாஸுக்கு எந்த ஊர்ப் பழமாக இருந்தாலும் சரி, கொஞ்சம் புளிப்பு இருந்தால் போதும். முழு இனிப்புப் பழம் இதற்கு உதவாது.

நாலைந்து பழத்தின் சாறு பிழிந்தால் ஒரு கப் வரும். அதைப் பாதியாகச் சுண்டவைக்க வேண்டும். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்: சாறு நன்றாக இருந்தது, கொதித்தபின் கசக்கிறது. காரணம் லிமோனின் என்ற பொருள். அது விதையிலும் வெள்ளைத் தோலிலும் இருக்கிறது. பழத்தை உரித்துச் சாப்பிடும்போது தெரியாது. பிழிந்து, புளிப்பில் ஊறி, சூடு பட்டதும் மெல்ல எழும். ஆகவே விதையோடு மிக்ஸியில் அடிக்காதீர்கள். கையால் பிழிந்து உடனே வடிகட்டி உடனே அடுப்பில் வையுங்கள். மேல்தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவி, இறக்கும்போது கால் டீஸ்பூன் போட்டால் மணம் தூக்கும். வெள்ளைப் பகுதி வந்துவிட்டால் மறுபடி கசப்பு.

காரத்துக்கு மிளகாய்த்தூளைத் தொடாதீர்கள். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் காய்க்கும் மிளகு அதே மலையில் கிடைக்கிறது. ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். ஆரஞ்சும் மிளகும் சேர்ந்தால் வேறு மசாலாவே தேவையில்லை. கடைசியில் அரை மூடி எலுமிச்சை. கமலா ஆரஞ்சுக்குத் தனியாக மீனை எதிர்கொள்ளும் அளவு புளிப்பு கிடையாது.

இவ்வளவு செய்தும் சாஸ் மெல்லியதாகவே இருக்கும். மேலே ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் வறுவல் ஊறிவிடும். தட்டில் சாஸை முதலில் பரப்பி, மீனை அதன்மேல் வையுங்கள். அடிப்பக்கம் சாஸில் நனையும், மேல்பக்கம் மொறுமொறுப்பாக நிற்கும். சங்கரா, வாவல், கொடுவா போன்ற வெண்சதைக் கடல் மீன், அதுவும் புதிதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அணை மீனுக்கு வேண்டவே வேண்டாம், மண் வாடை ஆரஞ்சை மீறி எழுந்துவிடும். சாஸுக்கு மட்டும் நாலைந்து பழத்தின் காசு போகிறது என்பதையும், மிச்சமானால் மறுநாள் கசக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விருந்தாளி வருகிற நாளுக்கு, நாலு பேருக்கு, சூடாகப் பரிமாற முடியுமென்றால் இதற்கு நிகர் இல்லை.

## பாட்டில் சாஸ்

இதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு, நான் அப்படியில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ரீசரிலிருந்து பாசா ஃபில்லட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் பசியோடு பிள்ளைகள் நின்றால், புளி கரைக்க யாருக்கு நேரம்? தக்காளி சாஸ் நாலு டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், பூண்டு, குடைமிளகாய் கொஞ்சம், கால் கப் தண்ணீர். கொதித்ததும் இறக்கி, வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன். வினிகரைக் கடைசியில் ஊற்றக் காரணம், அதன் அசெட்டிக் அமிலம் கொதிக்கக் கொதிக்க ஆவியாகும், மணமும் புளிப்பும் குறைந்துவிடும்.

சர்க்கரையை மட்டும் கை தாராளமாகப் போடாதீர்கள். பாட்டிலின் பின்பக்கம் படித்தால் தெரியும், பெரும்பாலான தக்காளி சாஸில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. சோயா சாஸில் உப்பு அப்படித்தான், தனி உப்பு போடவே வேண்டாம். ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சாஸை அடிக்கடி செய்யாதீர்கள்.

செலவு மலிவு என்று தோன்றும். ஆனால் சோயா, வினிகர், சில்லி சாஸ் என்று மூன்று பாட்டில் வாங்கி, அரைப் பாட்டில் தீர்வதற்குள் தேதி முடிந்து கொட்டுகிற வீடுகள்தான் அதிகம். ஃப்ரீசர் மீன் பாக்கெட்டிலும் ஒரு விஷயம் உண்டு. மேலே பூசியிருக்கும் ஐஸும் எடையில் சேரும். ஐஸ் நீங்கிய நிகர எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரைந்தபின் நன்றாக ஒற்றி எடுக்காவிட்டால் பாசா வறுபடாது, அவியும்.

தக்காளி விலை சரிந்து தலைவாசல் சந்தையில் கூடை கூடையாகக் கிடக்கும் நாட்களில் நாலு தக்காளியை வேகவைத்து வடிகட்டிப் பாட்டிலுக்குப் பதில் போடலாம். ருசி கூடும். ஆனால் அவசரத்துக்கு என்ற இதன் ஒரே நியாயம் அப்போது போய்விடும்.

## ஒரு பார்வையில்

| | புளி வெல்லம் | செங்காய் | மலை ஆரஞ்சு | பாட்டில் |
|---|---|---|---|---|
| பொருந்தும் மீன் | ரோகு, கட்லா, ஜிலேபி, மத்தி, அயிலை | விரால், ஜிலேபி | சங்கரா, வாவல், கொடுவா | பாசா ஃபில்லட் |
| வாடையை அடக்குவது | மிக நன்று | பரவாயில்லை | குறைவு | பரவாயில்லை |
| மொறுமொறுப்பு | நெடுநேரம் | நடுத்தரம் | அடியில் ஊற்றினால் மட்டும் | நடுத்தரம் |
| காலம் | ஆண்டு முழுதும் | ஏப்ரல் முதல் ஜூலை | குளிர் மாதங்கள் | எப்போதும் |
| ஃபிரிட்ஜில் | பத்து நாள் | மூன்று நாள் | அன்றைக்கே தீர்க்கவும் | நாலு நாள் |
| கவனம் | வடிகட்டல், தனிப் பாத்திரம் | தெறிப்பு, அடிப்பிடிப்பு | கசப்பு | உப்பு, சர்க்கரை |

வஞ்சிரத்தை அட்டவணையில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நல்ல வஞ்சிரத் துண்டு கிடைத்தால் மிளகாய், மஞ்சள், உப்பு போதும். சாஸே வேண்டாம்.

## கெட்டியாக்க: கார்ன்ஃப்ளாரா, குச்சிக்கிழங்கு மாவா

ஆரஞ்சுக்கும் பாட்டிலுக்கும் கொஞ்சம் மாவு கரைத்து ஊற்றினால்தான் சாஸ் மீனில் நிற்கும். எல்லாச் செய்முறையிலும் கார்ன்ஃப்ளார் என்றே இருக்கிறது. ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு சோள மாவு தேடுவானேன்? குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் சாஸுக்குக் கண்ணாடிபோல் பளபளப்பு தரும், நிறத்தை மங்கவிடாது. கார்ன்ஃப்ளார் சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும், ஆறினால் கட்டிதட்டும். ஆனால் கிழங்கு மாவு ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் சாஸ் நூல் நூலாக இழுக்கும், பார்க்கச் சகிக்காது. ஒரு கப் சாஸுக்கு ஒரு டீஸ்பூன், குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் கடைசியில். எந்த மாவானாலும் புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் நீர்த்துவிடும் என்பதால் கண்ணாடியாக மாறியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

மீனின் மேல் தூவவும் அதே மாவுதான், அரிசி மாவோடு பாதிக்குப் பாதி. மிளகாய்த்தூளைக் குறையுங்கள், காரம் சாஸில் இருக்கிறது. தூள் கருகினால் சாஸின் ருசியும் கெடும். கடலை எண்ணெய் காய்ந்ததும் மரக் கரண்டியின் முனையை விட்டுப் பாருங்கள். சுற்றிலும் குமிழி வந்தால் மீனைப் போடலாம். விரல் கனத் துண்டுக்கு முதல் பக்கம் நாலு நிமிடம், மறுபக்கம் மூன்று. தானாகக் கல்லைவிட்டு நழுவும்வரை திருப்ப வேண்டாம்.

## மலையில் சமைப்பவர்களுக்கு

ஏற்காட்டில் ரூம் எடுத்துச் சமைக்கப் போகிறவர்கள் கேட்பது, உயரத்தால் ஏதாவது மாறுமா என்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். பருப்பு வேகத் தாமதமாகும், வறுவலுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெயின் சூடு மலையிலும் அதே சூடுதான். கிழங்கு மாவு எழுபது டிகிரிக்குள்ளேயே வெந்துவிடுவதால் சாஸுக்கும் கவலையில்லை.

மீனைச் சேலத்திலேயே காலையில் வாங்கி, உப்பு போடாமல், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். முன்கூட்டியே உப்பு போட்டால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் மீன் தண்ணீர் விட்டுவிடும். ஐஸ் உருகிய தண்ணீரில் துண்டுகள் மிதக்காமல் இருக்க, பையில் கட்டி மேல்தட்டில் வையுங்கள். வாடகை வீட்டுச் சமையலறையில் பழகிய இரும்புக் கல்லை எதிர்பார்க்க முடியாது, பெரும்பாலும் பூச்சு தேய்ந்த நான்ஸ்டிக் தவாதான் இருக்கும். அதற்காக ரவை ஒரு பிடி கையோடு இருக்கட்டும், மாவுக்கு மேல் புரட்டினால் ஒட்டாது. சாஸ் புளி வெல்லம் என்றால் வீட்டிலேயே செய்து பாட்டிலில் அடைத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு என்றால் மேலே போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பழக்கூடையைக் கார் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும்.